வெறும் ஆணிகள்

துறைமுகக் கந்தோர்ப் படலையடியில் ஒரு தேக்குப் பலகை.
பலகையில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஆணி,
ஆணிக்கொரு பித்தளை வில்லை, வில்லைக்கொரு இலக்கம்.
காலையில் எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள்,
மாலையில் கொண்டுவந்து கொழுவுவார்கள்.
வெறும் ஆணி என்றால் ஆள் வேலையில்.
அதற்குக் காவல் நான். மாதம் முப்பத்தெட்டு ரூபாய்,
பஞ்சப்படி வேறு.

சிங்கப்பூர் விழுந்த கிழமை
இன்னும் ஐந்நூறு ஆணி அடிக்கச் சொன்னார்கள்.
அடித்தவன் சந்தியாப்பிள்ளை.
நேற்றுவரை வள்ளத்துக்கு ஏரா வைத்தவன்,
கடைசி ஆணிக்குப் பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு
தனக்கும் ஒரு வில்லை கேட்டான். நானூற்றொன்பது.

தட்டான் வீரகுட்டிக்கு நானூற்றுப் பதின்மூன்று.
தோட்டுக்குத் திருகாணி கடைந்த விரல்கள்
சீனக்குடா எண்ணெய்க் குதத்தில்
கைமொத்தத் திருகாணிகளை முறுக்கின.
கிண்ணியா உதுமாலெவ்வையின் தோணியைப்
போருக்கென்று எடுத்துக்கொண்டு ஒரு துண்டு கொடுத்தார்கள்.
துண்டைத் தொப்பிக்குள் மடித்து வைத்தபடி
அதே குதத்துக்கு மண் சுமந்தார்.
வேர்வையில் துரையின் கையெழுத்து
அவர் நெற்றியில் நீலமாய் இறங்கியது.

பெண்களுக்கு வில்லை இல்லை.
மணல்மூட்டைச் சாக்குத் தைத்தார்கள்,
நூறு சாக்குக்கு எழுபத்தைந்து சதம்.
உப்புவெளிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்
வீடுவீடாய்ச் சிரட்டை பொறுக்கினார்கள்.
சுட்ட கரி நச்சுப்புகை முகமூடிக்குள் போகுமாம்.
"எங்கட தேங்காயால ஆரோ ஒருத்தன் மூச்சுவிடப் போறான்"
என்றாள் தெலோமினா,
பாணுக்கு நின்ற வரிசையில், சிரிக்காமல்.

இரவில் லாம்புக் கண்ணாடிக்கும் கரி.
நாய்கள் கடைசிவரை அந்த இருட்டுக்குப் பழகவில்லை.

பங்குனி முடிய நாலு நாள்.
ஏழு மணிக்கு எல்லா ஆணியும் வெறுமை.
கணக்குச் சரி.
ஏழரை ஆகவில்லை, வானம் இரைந்தது.
"எங்கட பிளேன்தான்" என்று கை காட்டினான் தேநீர்ப் பையன்.
காட்டிய கை இறங்கவேயில்லை.

பிறகு சீனக்குடாப் பக்கம் எழும்பிய புகை
பகல்களைத் தின்றுகொண்டிருந்தது.
தம்பலகாமம் றோட்டில் பாய், சட்டி, ஆடு,
ஒரு தையல் மெசினைத் தலையில் வைத்த புருஷன்.

எட்டாம் நாள் துரை வந்து பலகையைப் பார்த்தார்.
செத்தவனுக்கும் வெறும் ஆணி.
ஓடியவனுக்கும் வெறும் ஆணி.
புகைக்குள் நின்று இன்னும் தண்ணி இறைக்கிறவனுக்கும் அதுவே.
'அனுமதியின்றி வராதோர்' என்று
எல்லாருக்கும் ஒரே வரி போடச் சொன்னார்.
போட்டேன்.

பத்தாம் நாள் வீரகுட்டியின் பெண்சாதி.
கையில் நானூற்றுப் பதின்மூன்று,
உதுமாலெவ்வை சாம்பலுக்குள் பொறுக்கிக் கொடுத்ததாம்.
வெக்கையில் ஓரம் சுருண்டு
தோடு மாதிரி வளைந்திருந்தது.
"வேலைக்கு வந்தபடியாத்தானே இது இப்பிடி?"
பதிவேட்டில் அவன் வராதவன்.
மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னேன்.
அவள் வில்லையை மேசையில் வைக்கவில்லை,
கொண்டுபோய்விட்டாள்.
அரசாங்கச் சொத்து என்று நானும் சொல்லவில்லை.
கடிதம் எழுதவுமில்லை.

வைகாசியில் லொறி லொறியாய்ப் புது ஆட்கள்.
புதிய நானூற்றுப் பதின்மூன்று அடித்து வந்தது.
வாங்கிய பொடியன் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து
பல்லால் கடித்தான், பொன்னோ என்று.

ஒன்றை விட்டுவிட்டேன்.
என்னுடைய இலக்கம் ஒன்று.
அன்றைக்கு முதல் சங்கு ஊதி முடியுமுன்
திறப்புக் கோர்வையும் பதிவேடுமாய் ஓடினேன்,
கன்னியாவும் தாண்டி.
ஆறு நாள்.
பேனையும் என்னிடம்தான் இருந்தது.
ஆறு நாளும் என் பெயருக்கு நேரே
'வந்தார்' என்று இருக்கிறது,
நல்ல குண்டுக் கையெழுத்தில்.