அறுநூற்றுப் பன்னிரண்டாவது வரி

கோட்கா துறைமுகம். நவம்பர்.
நாலு மணிக்கெல்லாம் சன்னல் கறுத்துவிடும்.
ஹெல்கா உலாவியைத் திறந்தால்
தேர்த்திருவிழாக் கடைத்தெரு:
ராசிபலன், குளிர்காலப் பூட்ஸ்,
யாரோ ஒரு நடிகையின் விவாகரத்து,
கேட்காமலே உதவ ஓடிவரும் நீலப் பொத்தான்.
"ஒரு சரக்குச் சீட்டைத் தேட விடுங்களேன்" என்று
திரையைப் பார்த்துத்தான் சொன்னாள்.
காதில் வாங்கிக்கொண்டது நான்.

எனக்குத்தான் ஒரு வரி தெரியுமே.
போன வருடம் என் வீட்டுக் கணினியில் ஓட்டியது.
நகலெடு. கறுப்புப் பெட்டியில் ஒட்டு. எண்டர்.
எங்கோ ஒரு முகவரியிலிருந்து இறங்கி வந்து
வேண்டாததையெல்லாம் கூட்டி அள்ளிக்கொண்டு
சொல்லாமல் போய்விடும்.
கூலியும் கேட்காது.

நிர்வாகி அனுமதி வேண்டும் என்றது கணினி.
சாவிக்கொத்தை முழுசாக
முன்பின் தெரியாதவன் கையில் தருவதற்கு
அவ்வளவு சின்னக் கேள்வி.
ஆமா, இல்லையா?
ஆமா.

நான் யார் தெரியுமா?
ஜனவரியில் உறைந்த கடல்மேல் மீன் பிடிக்கப் போகிறவன்.
பத்தடிக்கு ஒரு தரம் துளை போட்டுக்
கனம் பார்த்து அடி வைக்கிறவன்.
"நேற்று நடந்த இடம்தானே" என்ற
மைத்துனன் உர்போவை
நேற்றைய பனி நேற்றோடு போச்சுடா என்று
அரைமணி நேரம் திட்டியவன்.

வெள்ளை எழுத்துகள் மழையாய் ஓடின. படிக்கவில்லை.
கடைசியில் பச்சையில் ஒரு சொல்: முடிந்தது.
உலாவி வெறுந்தாளாய்த் திறந்தது.
ஹெல்கா ஏலக்காய் பன் ஒன்றை
என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

பதினோரு நாள்.
பன்னிரண்டாம் நாள் கிடினியாவிலிருந்து போன்:
காகிதக்கூழுக்குப் பணம் போட்டாயிற்று,
நீங்கள் அனுப்பிய புதுக் கணக்கு எண்ணுக்கு.
புதுக் கணக்கா?
அவள் பெயரில்,
அவள் வழக்கமாகப் போடும் அந்தச் சிரிப்புக்குறியோடு,
அவள் எழுதாத கடிதம்.
கடவுச்சொல்லை யாரும் கேட்கவில்லை.
அவள் உள்ளே உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே
இன்னொருத்தர் உட்கார்ந்து
எழுந்துபோயிருக்கிறார்.

அன்றிரவுதான் அந்த ஸ்கிரிப்டை
முதல்முறையாகப் படித்தேன்.
ஆயிரத்துச் சொச்சம் வரி.
எழுதியவர் யோக்கியர்.
பக்கத்திலேயே குறிப்பு வைக்கிறார்:
இதை எடுத்தால் செய்திப் பலகை போய்விடும்.
இது கொஞ்சம் ஆபத்து, யோசித்துச் செய்யுங்கள்.
மகளுக்குக் காய்ச்சல், மீதியை நாளை திருத்துகிறேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டில் கை மாறுகிறது.
குறிப்பு இல்லை.
எழுத்தும் எண்ணுமாய் ஒரு நீளக் குப்பை.
பிரித்தால் உள்ளே இன்னொரு முகவரி.

அதற்குச் சற்று மேலே,
உலாவிக்கு இனிப் புதுப்பிப்பே வேண்டாம் என்று ஒரு வரி.
அது யோக்கியர் எழுதியதுதான்.
வேகத்துக்காக.

கோடையில் அந்த முகவரிக்குப் பணம் கட்ட
அவர் மறந்துவிட்டாராம்.
வேறு யாரோ வாங்கிவிட்டார்களாம்.
நான் ஒட்டியது அதே வரி, எழுத்துப் பிசகில்லை.
கதவு எண் அதேதான்,
குடியிருப்பவர் வேறு.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவனாவது
தன் வீட்டைக் கொளுத்தினான்.

விசாரணையில் ஹெல்கா என் பெயரை எடுக்கவில்லை.
நானே சொன்னேன்.
அறையில் ஹீட்டர் மட்டும் டிக் டிக் என்றது.

புதுக் கணினி வந்தது. திறந்தாள்.
ராசிபலன், நடிகை, நீலப் பொத்தான்,
எல்லோரும் திரும்பியிருந்தார்கள்.
"அமைப்புகளுக்குள் போய், ஒவ்வொன்றாக,
கையாலேயே அணைத்துத் தரட்டுமா?" என்றேன்.
"இருக்கட்டும்" என்றாள்.
"இவர்கள் கத்துவதாவது காதில் விழுகிறது."

மார்ச்சில், துறைமுகத்துப் பனி விரிசல் விடத் தொடங்கியபோது,
அந்த விளம்பர பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தாள்.
ஒரு அளவு பெரிது.
தாழ்வாரம் முழுக்கச் சத்தம்.