முப்பத்திரண்டரை அங்குலம்

பதினோரு வருசம்
கணபதியில் அந்த மோட்டார் பட்டறையில்
பால் டிரே ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் நின்று காயில் இறக்கினேன்.
மேசைகள் ஆம்பளை இடுப்புக்குப் போட்டவை.
டிரேயின் கட்டம் கட்டமான அச்சு
சாயங்காலம் உள்ளங்காலில் இருக்கும்.

இது என் மேசை.
பொடக்காலியில்
துணி துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே
ஏழடிக்கு நாலடி, மேலே சீட்டு.
வீட்டுக்காரம்மா போட்ட ஒரே சட்டம்:
செவுத்தில் ஆணி கூடாது.
அதனால் எல்லாவற்றையும்
மேசையே சுமந்தாக வேண்டும்.

கால்கள், சோமனூரில் உடைத்துப் போட்ட தறியின் ஆங்கிள்.
எடைக்கு வாங்கியது.
துருவைத் தேய்த்தால் உள்ளே இன்னமும் எண்ணெய்.
எதற்கென்று தெரியாத துளைகள்.
ஒன்றில் ஸ்விட்ச் பெட்டி, ஒன்றில் சீமாறு.
மீதிக்கும் வேலை வரும்.

ஆரோக்கியம் வெல்டிங் செட்டோடு வந்தான்.
"மூணடி வெச்சர்லாமுங்களா, அதானுங்க வளமை."
செருப்பைக் கழற்றிவிட்டு நேராய் நின்றேன்.
முழங்கையை மடக்கி
வைஸோட வாய் இங்க வரோணும்,
அதுக்குக் கீழ அளந்துக்க, என்றேன்.
அளந்தான். நம்பாமல் மறுக்கா அளந்தான்.
முப்பத்திரண்டரை.
"அண்ணன் நின்னா குனியோணுமுங்களேக்கா?"
குனியட்டும்.
முகமூடியை இறக்கிக்கொண்டு
நெருப்பு வைத்தான்.

மேல்பலகை
குறிச்சி சிட்கோவில் யாருக்கோ மிஷின் வந்த பெட்டி.
பைன் மரம், வெளுப்பு, சொன்னால் கேட்கும்.
இழைப்புளி போட்டதில் ஊர்ப்பேர்களெல்லாம் சுருளாய் உதிர்ந்தன.
உடையும் பொருள் என்று காட்டுகிற
கோப்பைப் படம் மட்டும்
கணு ஓரமாய்த் தப்பிவிட்டது.
டீ டம்ளரை அங்கேதான் வைக்கிறேன்.

வைஸ், உக்கடம் பழைய இரும்புக் கடையில்.
"வாய் கொஞ்சம் கோணைங்க, ஆனா புடிச்சா உடாது."
என் நாத்தனாரை அவருக்கு எப்படித் தெரியும்?

ஓட்டை போட்டு, போல்ட் முறுக்கி,
பிடியைச் சுற்றினால்
அரைச் சுற்றில் பலகை விளிம்பில் இடிக்கிறது.
நல்லவேளை ஒருத்தரும் பார்க்கவில்லை.
கழற்றி, ரெண்டங்குலம் முன்னால் இழுத்து
மறுபடியும் நாலு ஓட்டை.
பழைய நாலிலும்
ஸ்குரூ டிரைவர்கள் நிற்கின்றன,
முதலிலேயே நினைத்துச் செய்ததுபோல.

பின்பக்கம் நிறுத்திய பலகையில்
கொறடு, சுத்தி, அரம்
ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சில் கோடு.
பத்துக்குப் பதினொன்று ஸ்பானரின்
கோடு மட்டும் இருக்கிறது.

ஆனிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்து
சீட்டை உலுக்கும்.
ஸ்லாட் பேப்பர் பறந்து
பக்கத்து வீட்டுக் கருவேப்பிலையில் மாட்டும்.
அதற்கென்று ஓர் இழுப்பறை செய்தேன்.
திறக்கிறது. மூடுவதுதான் கஷ்டம்.

முதல் வேலை,
அன்னூர்க்காரர் ஒருவரின் ஒன்றரை எச்பி.
கருகிய செம்பை உருவி எடுத்து
புதுக் கம்பியைச் சுற்றச் சுற்ற எண்ணினேன்.
அறுபத்தி மூன்று, அறுபத்தி நாலு.
"ஏம்மா, டீ சொல்லு" என்று
எந்த எண்ணிலும் யாரும் கூப்பிடவில்லை.
டெஸ்ட் லேம்ப் மங்கலாய் எரிந்தது,
எரிய வேண்டிய அளவுக்கு.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த நாச்சிமுத்து
சாப்பிடாமல் நேரே பொடக்காலிக்கு வந்தார்.
அருவாமனையை வைஸுக்குக் கவ்வக் கொடுத்து
அரம் போட்டார்.
அஞ்சு நிமிசத்தில் இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்தார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
மறுநாள் முக்காலி ஒன்று வந்திருந்தது,
குட்டையானது, அவருக்கு.

அதில் உட்கார்ந்து
சட்டைப் பையிலிருந்து ஒரு பால்ரஸ் குண்டை எடுத்து
மேசை நடுவில் விட்டார்.
கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.
அப்புறம் சாக்கடைப் பக்கமாக
யோசித்து யோசித்து நகர்ந்தது.

"மட்டமில்லையே அம்மணி."
"ரசமட்டம் வெச்சுத்தானுங்க பார்த்தேன்."
"குண்டு பொய் சொல்லுமா?"

காலுக்கு அடியில் செருக
ஒரு ஹைலம் துண்டைத் தேடி
ரெண்டு பேரும் கீழே குனிந்தோம்.