கட்டத்துக்குள் இருக்கும் எண்

ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.
இப்போது மூன்றேகால்.
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
நூருல்லா அண்ணன் பிரவுசிங் சென்டரில்
எனக்கு இரண்டாவது மெஷின்.
எட்டாம் எண்ணை மட்டும் அழுத்தித் தட்ட வேண்டும்.

கட்-ஆஃப் நூற்று அறுபத்தெட்டரை.
கெமிஸ்ட்ரி கவிழ்த்துவிட்டது.
"இதுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸா?
கீழ போ, இன்னும் கீழ போ"
தலை நிமிராமல் சொல்கிறார் அண்ணன்,
யாருடைய ஆதாரையோ லேமினேட் செய்துகொண்டே.

கீழே போகிறேன்.
கல்லூரி என்பது இங்கே நான்கு இலக்கம்.
பெயர் நீளமாக இருந்தால் பாதியில் வெட்டுப்படுகிறது.
எல்லாப் பெயரிலும் ஒரு சாமி,
அல்லது சாமியின் அம்மா.

அம்மா ஸ்டூலில்.
சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ்
எல்லாம் மடியில், ஜவுளிக்கடைப் பையில்.
அவளுக்கு ஒரே கேள்விதான்:
"காலேஜ் பஸ்சு கேட்டுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"
அந்தாண்ட என்றால்
கூட்ஸ் வண்டி நடுவில் நின்றுவிடும் காலைகளில்
குனிந்து அடியில் புகுந்துதான் போக வேண்டும்.
இந்தாண்ட வருவது ஒரே ஒரு பஸ்,
பெண்கள் கல்லூரி பஸ்.
"அத்த ஒன்னாவதா போடு."

எதிர் லைன் சாருலதா அக்கா
முகப்பெல்லாம் கண்ணாடி பதித்த கல்லூரியில் படித்தவள்.
அறுபது பேருக்கு இருபத்திரண்டு கம்ப்யூட்டர்,
அதில் ஐந்துக்கு எப்போதும் காய்ச்சல்.
"கட்டடத்தப் பாக்காத லோஷினி,
சாயங்காலம் லேப் எத்தன மணிக்குப் பூட்டுவாங்கன்னு கேளு."

கேட்டேன்.
ஏழு கல்லூரிக்குப் போன் செய்தேன்.
ஆறு பேர் ஹாஸ்டல் கட்டணம் சொன்னார்கள்.
ஒருவர் மட்டும், குரலைக் கேட்டால் அட்டெண்டர் போல,
"எட்டு வரைக்கும் தொறந்திருக்கும்மா.
பசங்க கெஞ்சினா எட்டரை" என்றார்.
பிறகு,
"இத யாரும் கேட்டதில்லியே" என்றார்.

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி எங்கேயோ.
பஸ் ஐந்து இருபதுக்கு.
கேட்டுக்கு அந்தாண்ட.

அம்மா தண்ணி பாக்கெட் வாங்க எழுந்து போனாள்.
பெண்கள் கல்லூரியை நான்காவதற்கு இறக்கினேன்.
திருட்டு என்றால்
நான்கு கிளிக்.

லாக் செய்ய ஓடிபி வேண்டும்.
அப்பா போனுக்குத்தான் வரும்.
அப்பா எண்ணூர் ரோட்டில், டிரெய்லர் வரிசையில்,
நேற்று ராத்திரியிலிருந்து.

ஏழுமலைக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும்.
ஆனால் கண்டெய்னர் நம்பரில் தப்பே விட்டதில்லை:
நான்கு எழுத்து, ஆறு எண்,
கடைசியில் கட்டம் கட்டி ஒன்று.
அந்தக் கட்டத்து எண் எதற்கு என்று ஒன்பதாவதில் கேட்டேன்.
"மத்ததெல்லாம் சரியா எழுதிக்கீதான்னு அது சொல்லும்."
எப்படிச் சொல்லும்?
"அது தெர்ஞ்சா நா ஏன் வண்டி ஓட்டறேன்?"

எழுத்துக்கு ஒரு மதிப்பு, இடத்துக்கு ஒரு மதிப்பு,
பெருக்கு, கூட்டு, பதினொன்றால் வகு, மிச்சத்தை எடு.
கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்.
வெளியே போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் சரியாக வந்தது.
கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏன் என்று
இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.
கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

"ரண்டு, ஏய்யி, ஏய்யி, சைபர், அஞ்சி, எட்டு."
பின்னால் ஹாரன்.
"மேல எந்த காலேஜி?"
சொன்னேன்.
வரிசை ஒரு வண்டி நகர்ந்த சத்தம்.
"அந்த காலேஜாண்ட டயர் மாத்திக்கீறேன்.
ராத்திரில ஒரு மாடில லைட்டு எரிஞ்சினு இருந்துச்சி."
அவ்வளவுதான்.
"உங்கம்மாகிட்ட போன குடுக்காத" என்று வைத்துவிட்டார்.

பிரிண்ட் சூடாக வந்தது. மூன்று பக்கம், பதினைந்து ரூபாய்.
அம்மா பல்லால் பாக்கெட்டைக் கிழித்தபடி கேட்டாள்:
"நம்ம சொன்னது மேலதானே கீது?"

ஐம்பத்து மூன்றில் நான்கு.
"மேலதாம்மா."

கேட் போட்டிருந்தது.
கண்டெய்னர் வண்டி, மெதுவாக, ஒவ்வொரு பெட்டியாக.
அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்,
நான் அடியில் புகுந்துவிடுவேனோ என்று.