அரை மணி நேரம், குப்புற

தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன்:
தினமும் அரை மணி நேரம்
தரையில் பாய் விரித்துக் குப்புறப் போடவும்.
படமும் வரைந்திருந்தேன்,
தலை தூக்கிப் பார்க்கும் குழந்தை,
எதிரே ஒரு கிலுகிலுப்பை.

இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே
மூன்றாம் முறை மலையேறி
எஸ்டேட் லைன் வீட்டுக்குள் நுழைந்தபோது
ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில்
தாள் ஆணியில் தொங்கியது.

"போட்டீங்களா?"
காவேரி பதில் சொல்லவில்லை.
சேர்வராயனை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு
"நீங்க படுங்க" என்றாள்.
"எங்க?"
"அந்தப் படத்துல இருக்கிற எடத்துல."

படுத்தேன்.
தை மாதம், காலை பத்தரை.
கதவைத் தாண்டி மேகம் உள்ளே வந்திருந்தது.
பாயையும் மீறி
சிமெண்டின் சில்லிப்பு விலாவில் ஏற
பத்து எண்ணுவதற்குள் எழுந்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் சளி நெஞ்சில் இறங்கி
கீழே பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள்.
அது படிவத்தில் இருக்கிறது,
'முந்தைய நோய்கள்' கட்டத்தில்,
என் கையெழுத்தில்.

சேலத்தில் ஃபேனுக்கடியில் வரைந்த படம் அது.

பையை மூடினேன்.
"இவன் எங்க இருந்தா சந்தோஷமா இருப்பான்?"

வாசலில் பீடியை முதுகுக்குப் பின் மறைத்து
நின்றிருந்த ரங்கன்
(படிவத்தில் 'தந்தை: கூலி', அவ்வளவுதான்)
"களத்துல" என்றார்.

மதியம் மேகம் விலகியது.
காப்பிக் களத்தில் தரையைத் தொட்டுப் பார்த்தேன்,
குழந்தைக்கு ஆற்றிய பால் சூடு.
ரங்கன் சட்டையைக் கழற்றிச் சுருட்டி
மகன் நெஞ்சுக்கடியில் வைத்தார்.
நான் சொல்லித் தரவில்லை.
என் பையில் அதற்கென்றே ஒரு ஸ்பஞ்ச் உருளை,
நானூற்று எண்பது ரூபாய்.

பலகையால் கொட்டையை இழுத்தார்.
சரசரப்பு இடமிருந்து வலம் போக
தலை எழுந்தது.
ஆடிக்கொண்டே
சத்தத்தின் பின்னால் போனது.
நாலு எண்ணினேன், விழுந்தான்.
மூக்கில் காப்பித் தோல்.
மறுபடி இழுத்தார். ஆறு.
"வாயில போட்டுக்குவான், பாத்துக்கணும்" என்று
கை எட்டும் தூரத்தில் குந்தினாள் காவேரி.
ஒரு கொட்டையை அவன் பிடித்தான்,
முழு உள்ளங்கையால், ஈயைப் பிடிப்பதுபோல்.

இரண்டு வயது ஒரு மாதம்.
நடப்பானா என்று அன்று இருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
எனக்குத் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

இறங்கும் பஸ்ஸில் மடியில் வைத்து எழுதினேன்.
பயிற்சி இடம்: களம்.
உபகரணம்: சட்டை.
வளைவில் பேனா இழுத்துக்கொண்டு போய்
'தந்தை' கட்டத்தில் ஒரு கோடு.

ஆடியில் களம் நனைந்து கிடக்கும்.
அப்போது எங்கே?
அடுத்த வியாழன்
ரங்கனிடம் கேட்க வேண்டும்.