மூன்றாவது ஊசி

அம்மா முடி வெட்டுகிறவள்.
கோதன்பர்கில் பாதிப் பெண்களின் பின்கழுத்து
அவளுக்கு அத்துப்படி.
பொஸ்னியாவிலிருந்து வந்தவள்;
தலையில் துணி போட்டதே இல்லை.

பிப்ரவரி. திங்கட்கிழமை இருட்டு.
டிராம் ஜன்னல்தான் கண்ணாடி.
மூன்றாவது ஊசி விரலில் ஏறியது.

"வீட்டில் யாராவது சொன்னார்களா, மெரிமா?"
கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார் ஆலோசகர்.
"பள்ளியில் யாராவது சொன்னார்களா?"
அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள் அம்மா.

யாரும் சொல்லவில்லை என்று
இரண்டு மொழியில் சொன்னேன்.
இரண்டிலும் பொய் மாதிரியே கேட்டது.

வேதியியல் வகுப்பில் லின்னேயா மட்டும்
"இந்தப் பச்சை உனக்கு ஒத்துவரலை" என்றாள்.
அப்பாடா.

ஞாயிறு இரவு
நாற்காலியை இழுத்துப் போட்டாள் அம்மா.
இனி ஊர் பார்க்காத முடியை
நுனி நுனியாக
ஒரு மணி நேரம் வெட்டினாள்.

கோணலாகிவிடக் கூடாதாம்.