பணகுடிக் கதவு

இந்த ஊரில் கதவைச் சாத்துவது காற்று.
சித்திரையில் குடிவந்தபோது அதை ஒருவரும் சொல்லவில்லை.
அப்போதெல்லாம் கதவுகள்
திறந்து வைத்தால் திறந்து வைத்தபடியே நின்றன.

ஆனி பிறந்த மூன்றாம் நாள்
கணவாய்க்குள்ளிருந்து புறப்பட்டு வந்தது.
பின்வாசல் படாரென்று அறைந்தது.
கரண்டியோடு நான் சுவரில் ஒட்டிக்கொண்டேன்.
பெனிற்றா தம்பியின் வாயைப் பொத்தியபடி
அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தாள்.
வீடு பார்க்க வந்த அன்றே,
அடுப்பு எங்கே வைக்கலாம் என்று நான் அளந்துகொண்டிருக்க,
அவள் அந்த மூலையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.

யாரும் வரவில்லை.
குக்கர்தான் நாலாவது விசிலும் அடித்தது.

அந்த வீட்டில்
சத்தத்தை வைத்தே ராத்திரியைக் கணக்குப் போடுவோம்.
பைக் ஸ்டாண்டு, கேட், அப்புறம் கதவு.
படாரென்றால் சோற்றுத் தட்டோடு போகும்.
மெதுவாகச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டால்
அன்றைக்குத்தான் பெல்ட்.

ஐப்பசி மழையில் இறங்கினோம்.
நெல்லை ஜங்ஷனில் பதினொரு ராத்திரி.
போலீஸ்காரர் லத்தியால் பெஞ்சைத் தட்டினால்
‘செந்தூர் வண்டிக்கு நிக்கோம்’ என்பான் சுஜின்,
அஞ்சு வயசில், கண்ணைத் திறக்காமலே.
ஒன்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்:
அங்கேதான் என் பிள்ளைகள் நன்றாகத் தூங்கினார்கள்.
பிளாட்பாரத்துக்குக் கதவு கிடையாது.

பிறகு பாளையங்கோட்டையில் சிஸ்டர்கள் நடத்தும் விடுதி,
வரிசையில் பக்கெட், வரிசையில் தட்டு, ஐந்து மாதம்.
பிறகு இந்த வேலை,
காற்றாலைக் கம்பெனிக்காரர்களுக்குச் சமையல்.
காற்று பலமாக அடித்தால் நாற்பது சாப்பாடு;
நின்றால் பன்னிரண்டு.
என்னை நடுங்க வைப்பதுதான் எனக்குப் படியளக்கிறது
என்பது ஆனிச் சம்பளத்தில் புரிந்தது.
அந்தப் பணத்தில் மூன்று தலையணை வாங்கினேன்.

ஆடியில் அம்மியே பறக்குமாம்.
என்னிடம் அம்மி இல்லை. பழைய மிக்சி ஒன்று,
அதுவும் மூடி சேராதது.

பக்கத்து வீட்டு மரியபாக்கியம் கேட்டாள்,
‘ஒங்க வீட்டுக்காரரு எங்க இருக்காவ?’
‘வள்ளியூர்ல. மாசம் அஞ்சாந்தேதி வருவாவ, வாடகை வாங்க.’
கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள்.
சாயங்காலம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து தந்தாள்.
அப்புறம் கேட்டதில்லை.

ஓடிவந்தபோது ஒற்றைக் காலில் மிஞ்சிய செருப்பை
ஏன் வைத்திருந்தேனோ.
அரிவாள்மணையில் நறுக்கி
இரண்டு கதவு நிலையிலும் ஆணி அடித்தேன்.
சத்தம் பாதியானது.
மீதிப் பாதிக்குச் சுஜின் தூக்கத்திலேயே சொல்லப் பழகினான்,
‘காத்துதாம்மா.’
பெனிற்றா ஒன்றும் சொல்லமாட்டாள்.
எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு
வந்து படுப்பாள்.

மறுபடியும் ஐப்பசி.
மலையோரம் விசிறிகள் எல்லாம் கையை விரித்து நின்றன.
பன்னிரண்டு சாப்பாடு.
ஸ்கூலில் திற்பரப்பு அருவிக்குக் கூட்டிப் போகிறார்களாம்,
அறுநூறு ரூபாய்.
‘அடுத்த வருசம் பாப்போம்’ என்றேன்.

படார்.

கொடியில் துணி அசையவில்லை.
சுஜின் என்னைப் பார்த்தான்.
என் கை தானாகச் சுவரைத் தேடியது.
பிறகுதான் உள்ளறையிலிருந்து அவள் குரல்:
‘எப்பப் பாத்தாலும் அடுத்த வருசம், அடுத்த வருசம்!
இந்த வீட்டுல ஒண்ணுமே கிடையாது!’

ஒன்பது வயது.
பென்சில் கீழே விழுந்தால்கூட மன்னிப்புக் கேட்டவள்.
என்மேல் கோபப்பட்டு ஒரு கதவை அறைந்திருக்கிறாள்.
அறைந்த பிறகும் கத்துகிறாள்.

செருப்புத் துண்டு ஒன்று தெறித்து நடுவீட்டில் கிடந்தது.
அதைக் கையில் எடுத்துக்கொண்டு
எல்லா அம்மாக்களும் கத்துகிற குரலில் கத்தினேன்:
‘ஏட்டி, கதவு ஒடைஞ்சா
வீட்டுக்காரருக்கு யாரு பதில் சொல்லுதது?’

உள்ளே கொஞ்ச நேரம் சத்தமில்லை.

‘நீயே சொல்லு’ என்றாள்.