கதவுக்கு வெளியே நிற்பவர்

தார்த்துவில், ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
ஊர்வேயும் அவள் தம்பி காரெலும் நடத்தும் பூட்டுக்கடை.
ஒரு வேன். சாவி வெட்டும் எந்திரங்கள் இரண்டு,
அதில் ஒன்று தட்டினால்தான் ஓடும்.
இணையதளம் வேண்டுமென்று என்னை வரச்சொன்னார்கள்.

வழக்கமான கேள்விகளோடு போனேன்:
உங்கள் நிறுவனத்தின் நோக்கம் என்ன?
உங்களுக்குப் பிடித்த நிறம்?

காரெலிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.
முகப்பில் ஒரு பித்தளைச் சாவி
மெல்லச் சுழன்றபடி வர வேண்டும்.
அப்புறம் வரவேற்புரை.
அப்புறம் தொண்ணூற்றிரண்டில் கடை திறந்த கதை,
நகராட்சி கொடுத்த சான்றிதழ்.
தொலைபேசி எண்?
"அது கடைசியில் இருக்கட்டும்.
வேண்டியவன் தேடிக்கொள்வான்."

அவன் சொன்னபடியே ஒரு மாதிரி கட்டிக்கொண்டு
அடுத்த வாரம் போனேன்.
ஊர்வே வாய் திறக்கவில்லை.
பழைய சிலிண்டர் ஒன்றை மேசைமேல் கவிழ்த்து
ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
எண்ணி முடித்து, தன் செல்பேசியில் அதை ஏற்றி
தம்பி கையில் கொடுத்தாள்:
"குப்பையைக் கொட்டிவிட்டு வா. வரும்போது பார்."
கம்பளிச் செருப்போடு போனான்.
அவன் முதுகுக்குப் பின்னால் தாழ் விழுந்தது.

பிப்ரவரி. சுழியத்துக்குக் கீழே பதினேழு.
கண்ணாடி வழியாகப் பார்த்தோம்.
கதவைத் தட்டினான். ஊர்வே
செல்பேசியைச் சுட்டிக் காட்டினாள்.
கையுறைக்குத் திரை மசியவில்லை,
பல்லால் கடித்துக் கழற்றினான்.
சாவி சுழன்றது.
சுழன்றது.
இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.
வரவேற்புரையைக் கட்டைவிரலால் தள்ளினான்,
தொண்ணூற்றிரண்டைத் தள்ளினான்,
சான்றிதழில் பாதி தள்ளும்போது
திரை இருண்டது.
மூன்று சதவீத பேட்டரியோடுதான் கொடுத்திருந்தாளாம்.

கதவு திறந்ததும் அவன் சொன்ன வார்த்தை
இங்கே எழுதுவதற்கில்லை.

திட்டம் அதன்பிறகுதான் தொடங்கியது.
முதலில் எண், திரையின் அகலத்துக்கு,
மரத்த விரல் எங்கே பட்டாலும் அழைக்கும்படி.
அடுத்தது விலை. அதற்குச் சண்டை.
"நள்ளிரவுக்குமேல் தொண்ணூறு யூரோ என்று போட்டால்
எவன் கூப்பிடுவான்?"
"போடாவிட்டால்தான் பயப்படுவான்.
வாசலில் நிற்பவனுக்குப் பூட்டைவிட
பூட்டுக்காரன்மேல் பயம் அதிகம்."
எத்தனை நிமிடத்தில் வருவோம்?
பதினைந்து, என்றான் காரெல்.
இருபத்தைந்து என்று போடு, என்றாள்,
பாலத்தில் பனி உறையும்.
உறையாத நாளில்?
"சொன்னதற்கு முன்னால் வந்தால்
யாரும் கோபித்துக்கொள்வதில்லை."

மணி ஏழு. மடிக்கணினியை மூடப் போனேன்.
இன்னொரு வரி இருக்கிறது, என்றாள் ஊர்வே.
போன நவம்பரில் ஒரு அழைப்பு, மூச்சுமட்டும்.
வைத்துவிட்டேன். மறுபடியும் மூச்சு. வைத்துவிட்டேன்.
மூன்றாம் முறை, குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு அடியில்
ஒரு குரல்:
நாளை காலை, அவர் வேலைக்குக் கிளம்பியதும்,
பூட்டை மாற்றித் தருவீர்களா?

காரெல்
ஹீட்டர்மேல் காய்ந்துகொண்டிருந்த செருப்பைத்
திருப்பி வைத்தான்.

எழுதினேன்:
பேச முடியாத இடத்தில் இருக்கிறீர்களா?
முகவரியும் நேரமும் அனுப்பினால் போதும்.
எதுவும் கேட்க மாட்டோம்.
எண்ணுக்கு நேர் கீழே, அதே பருமனில்.

சுழலும் சாவியை எடுத்தோம்,
பக்கம் கண்ணிமைப்பதற்குள் திறந்தது.
காரெலின் கதைக்கு அடியில் ஒரு வரி ஒதுக்கினோம்,
ஆண்டைமட்டும் வைத்துக்கொண்டான்.

முதல் வாரம் ஒன்பது அழைப்புகள்.
அதில் இரண்டு, பைக்கு ஜிப் தைப்பீர்களா என்று.
வியாழன் இரவு ஒரு குறுஞ்செய்தி:
தெருப்பெயர், வீட்டு எண், 8.40.

காரெல் எட்டு மணிக்கே வேனின் பனியைச் சுரண்டத் தொடங்கினான்.